வாளையாருக்கு அப்பால்: பால்புதுமையருக்குப் புகலிடமும் விசாவும் கிடைக்கும் வழியும் கிடைக்காத காரணமும்

கொழிஞ்சாம்பாறையிலும் வண்ணாமடையிலும் மாநில எல்லை என்பது அன்றாடம் கடக்கப்படும் ஒன்று. பொள்ளாச்சிச் சந்தைக்கும் கோயம்புத்தூரின் மருத்துவமனைகளுக்கும் கல்லூரிகளுக்கும் போய் அந்தியில் வீடு திரும்புபவர்கள் பாலக்காட்டின் கிழக்கோர ஊர்களில் ஏராளம். போடிமெட்டு வழியாகத் தேனிக்கு இறங்கும் உடும்பஞ்சோலைத் தோட்டத் தொழிலாளருக்கும், ஆந்திரத்து நகரியிலிருந்து திருத்தணிக்கு வரும் விசைத்தறி நெசவாளருக்கும் அப்படித்தான். இந்த ஊர்களில் பிறந்த பால்புதுமையர், அதாவது தன்பாலீர்ப்பினர் ஒருவரோ திருநர் ஒருவரோ, வீட்டாரின் வன்முறைக்கு அஞ்சி மேலைநாடு ஒன்றில் புகலிடம் கேட்டால், அங்குள்ள அதிகாரி தவறாமல் எழுப்பும் கேள்வி ஒன்று உண்டு: உங்கள் நாட்டுக்குள்ளேயே வேறொரு நகரத்துக்குப் போய்ப் பாதுகாப்பாக வாழ்ந்திருக்க முடியாதா?

தொலைவிலிருந்து பார்க்கும்போது அது நியாயமான கேள்வியாகவே தெரியும். வயதுவந்த இருவர் இசைந்து கொள்ளும் தன்பால் உறவு குற்றமன்று என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பளித்துவிட்டது. தன் பாலினத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை திருநருக்கு உண்டு என்று அதே நீதிமன்றம் 2014 ஏப்ரலிலேயே கூறிவிட்டது. 2019இல் திருநர் பாதுகாப்புச் சட்டமும் வந்துவிட்டது. ஆனால் திருமண உரிமை மட்டும் 2023 அக்டோபர் 17 அன்று மறுக்கப்பட்டது. அந்தத் தீர்ப்பை மறு ஆய்வு செய்யக் கோரிய மனுக்களும் 2025 ஜனவரியில் தள்ளுபடியாயின. ஆகவே துன்புறுத்தலுக்கு அஞ்சி வெளியேற நினைக்கும் ஒருவர் முன்னால் இருக்கும் இரண்டு வழிகளுமே அரைகுறையாக அடைபட்டுக் கிடக்கின்றன. புகலிடம் கேட்டால், உன் நாடு உன்னைக் காப்பாற்றாது என்று காட்டு என்கிறார்கள். அதற்கு இந்தியாவின் சட்டப் புத்தகம் எதிர்ச்சான்றாகிவிடுகிறது. இணையர் விசா கேட்டால், உங்கள் உறவுக்கு ஆதாரம் காட்டு என்கிறார்கள். அதற்கு அதே சட்டப் புத்தகத்தில் இடமே இல்லை. இந்த நிலையை விளங்கிக்கொள்ளாமல் ஏஜெண்டின் பேச்சை நம்பிப் பணம் கட்டுவது ஆபத்தானது என்பதால்தான் இதைச் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பரவலான ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். புகலிட விசா என்று ஒன்றைச் சென்னையிலோ கொச்சியிலோ உள்ள விசா மையத்தில் விண்ணப்பித்துப் பெற முடியாது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை, தன் நாட்டுக்கு வெளியே இருப்பவரைத்தான் அகதி என்று வரையறுக்கிறது. இனம், மதம், தேசிய இனம், குறிப்பிட்ட சமூகக் குழுவில் உறுப்பினராக இருத்தல், அரசியல் கருத்து ஆகிய ஐந்து காரணங்களில் ஒன்றினால் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சம் இருக்க வேண்டும். தன் நாட்டின் பாதுகாப்பைப் பெற இயலாதவராக இருக்க வேண்டும். கோரிக்கையைப் பொதுவாக அடைக்கலம் தரும் நாட்டின் மண்ணிலோ எல்லையிலோ வைக்க வேண்டும். அங்கே போய்ச் சேருவதற்கு மாணவர் விசாவோ சுற்றுலா விசாவோ வேலை விசாவோ வேண்டும். அந்த விசாவைத் தருபவரோ, விண்ணப்பதாரர் ஊர் திரும்பிவிடுவார் என்பதற்கு வங்கிக் கணக்கு, சொத்து, குடும்பம், நிலையான வேலை என்று சான்று கேட்பார். அமெரிக்கச் சட்டம் இன்னும் வெளிப்படையானது: பார்வையாளர் விசா கேட்பவரைக் குடியேற வருபவர் என்றே முதலில் கருத வேண்டும், அப்படி அல்ல என்பதை அவர்தான் மெய்ப்பிக்க வேண்டும். வீட்டைவிட்டு விரட்டப்பட்ட ஒரு திருநங்கையிடம் சொத்துப் பத்திரமும் குடும்பத்தின் உறுதிக் கடிதமும் எங்கிருந்து வரும்? பாதுகாப்பு மிகத் தேவைப்படுபவரே கிளம்ப முடியாதவராக இருப்பது இந்த அமைப்பின் ஆழமான அநீதி.

எல்லைப்புறத் தமிழர்களுக்கு அகதி, குடியுரிமை, மறுவாழ்வு என்ற சொற்கள் புதியவை அல்ல. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுக்காகவே புனலூர் பகுதியில் 1970களில் ரப்பர் தோட்டங்கள் நிறுவப்பட்டன. பத்தனம்திட்டாவின் கவி ஏலத்தோட்டத்திலும் அவர்கள் குடியமர்த்தப்பட்டார்கள். ஒரு காகிதம் இருப்பதும் இல்லாமல் போவதும் ஒரு தலைமுறையை என்ன செய்யும் என்று அந்தக் குடும்பங்களுக்குத் தெரியும். பின்னால் போருக்குத் தப்பி வந்தவர்கள் தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறார்கள். இலங்கைத் தண்டனைச் சட்டத்தின் 365, 365ஏ பிரிவுகள் தன்பால் உறவைக் குற்றமாக்கியவை. 1995இல் செய்த திருத்தம் பெண்களையும் அவற்றுக்குள் கொண்டுவந்தது. அந்தப் பிரிவுகளை நீக்க முன்மொழிந்த மசோதா அரசமைப்புக்கு முரணானதன்று என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2023 மே மாதத்தில் கூறியது. முகாமில் வாழும் தன்பாலீர்ப்பினரான ஓர் இலங்கைத் தமிழர், தன் நாட்டுக்கு வெளியே இருக்கிறார் என்ற ஒரே காரணத்தால், மூன்றாம் நாடொன்றின் மீள்குடியேற்றத் திட்டத்தில் கோட்பாட்டளவிலாவது இடம்பெறக் கூடியவர். பக்கத்துத் தெருவில் அதே கொடுமைக்கு ஆளாகும் இந்தியத் தமிழருக்கு அந்த வாய்ப்பும் இல்லை. இந்தியாவோ 1951 உடன்படிக்கையிலும் அதை விரிவாக்கிய 1967 நெறிமுறையிலும் கையெழுத்திடாத நாடு. அகதிகளுக்கென்று தனிச் சட்டம் இங்கே கிடையாது.

ஐந்து காரணங்களில் பாலீர்ப்பு என்பது சொல்லப்படவே இல்லையே என்று கேட்கலாம். 1951இல் அதைப் பற்றி எவரும் நினைக்கவும் இல்லை. குறிப்பிட்ட சமூகக் குழு என்ற நான்காவது காரணத்தின் வழியாகத்தான் அது உள்ளே வந்தது. கியூபாவில் தன்பாலீர்ப்பினர் என்று காவல்துறையால் தொடர்ந்து அலைக்கழிக்கப்பட்ட ஒருவரின் வழக்கில் அமெரிக்கக் குடிவரவு மேல்முறையீட்டு வாரியம் 1990இல் வழங்கிய முடிவை, அந்நாட்டின் தலைமைச் சட்ட அதிகாரி ஜேனட் ரெனோ 1994இல் எல்லா வழக்குகளுக்கும் முன்னுதாரணமாக அறிவித்தார். தன்பாலீர்ப்பினரை நாட்டுக்குள்ளேயே விடக்கூடாது என்ற விலக்கை 1990 வரை தன் குடிவரவுச் சட்டத்தில் வைத்திருந்த நாடு அது. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1993இல், மாற்ற இயலாத அல்லது மாற்றிக்கொள்ளுமாறு எவரையும் வற்புறுத்தக்கூடாத அடையாளங்களைச் சமூகக் குழுவின் அளவுகோலாக்கிப் பாலீர்ப்பையும் அதில் சேர்த்தது. ஐ.நா. அகதிகள் ஆணையம் 2012 அக்டோபரில் இதற்கென்றே தனி வழிகாட்டுதல் வெளியிட்டது.

நம் ஊர்க்காரர்களுக்கு இவற்றில் மிக நெருக்கமானது, வெளியே தெரியாமல் இருந்துகொள்ளலாமே என்ற வாதத்தின் கதை. அடக்கமாக இருந்தால் யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள், ஆகவே ஊருக்குத் திரும்பிப் போய் அடக்கமாக இருங்கள் என்று சொல்லிப் பல நாடுகள் விண்ணப்பங்களைத் தள்ளி வந்தன. ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2003இல், வங்கதேசத்து ஆண் இணையர் இருவரின் வழக்கில் அந்த வாதத்தை மறுத்தது. பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2010 ஜூலையில், ஈரானையும் கேமரூனையும் சேர்ந்த இருவரின் வழக்கில் இன்னும் தெளிவாகப் பேசியது: அச்சத்தினால் ஒளிந்து வாழ நேர்வதே துன்புறுத்தலின் அடையாளம். ஆனால் அதே தீர்ப்பில் ராட்ஜர் பிரபு ஒரு கோடும் கிழித்தார். ஒருவர் தன்னை மறைத்துக்கொள்வதற்குப் பெற்றோர் மனம் நோகும், நண்பர் முன் கூச்சம் என்பன போன்ற சமூக அழுத்தம் மட்டுமே காரணமானால் அவருக்குப் புகலிடம் இல்லை. துன்புறுத்தப்படுவோம் என்ற அச்சம் ஒரு முக்கியக் காரணமானால் உண்டு.

இந்தக் கோடு நம் வீடுகளின் நடுவே போகிறது. அம்மா தாங்கமாட்டாள் என்பதும், அண்ணன் வெட்டிவிடுவான் என்பதும் இங்கே ஒரே வாயிலிருந்து ஒரே மூச்சில் வரும் சொற்கள். அம்மா தற்கொலை செய்துகொள்வேன் என்று மிரட்டுவதும், மாமன்கள் வந்து அறையில் பூட்டிவைப்பதும், மருத்துவர் என்ற பெயரில் ஒருவர் வந்து ஊசி போடுவதும், ஒரு மாதத்துக்குள் மாப்பிள்ளை பார்த்து நாள் குறிப்பதும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். நேர்காணலில் அமர்பவர், குடும்பத்தைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்ற பாசத்தில், அம்மாவின் வருத்தத்தை மட்டும் சொல்லிவிட்டு அடித்ததையும் அடைத்துவைத்ததையும் விழுங்கிவிடுவது இயல்பு. அப்படி விழுங்கியதைப் பின்னால் மேல்முறையீட்டில் சொன்னால், புதிதாகச் சேர்த்த கதை என்று சந்தேகிக்கப்படும். முதல் வாக்குமூலத்திலேயே கொடுமையைக் கொடுமையாகச் சொல்ல வேண்டும். அது பெற்ற தாய்க்குச் செய்யும் துரோகம் ஆகாது.

இனி, உள்நாட்டிலேயே இடம் மாறலாமே என்ற அந்தக் கேள்விக்கு வருவோம். துன்புறுத்துவது அரசாக இல்லாமல் குடும்பமாக இருக்கும்போது இக்கேள்வி கூர்மையாகிறது. மும்பை, பெங்களூரு, தில்லி ஆகியவற்றின் பெயரைச் சொல்லி விண்ணப்பத்தை மறுப்பது எளிது. இந்தியாவைப் பொதுவாகப் பாதுகாப்பான நாடு என்று பட்டியலிடும் போக்கும் வலுத்திருக்கிறது: பிரிட்டன் அரசு 2023 நவம்பரில் அதற்கான வரைவை நாடாளுமன்றத்தில் வைத்தது; ஐரோப்பிய ஆணையம் 2025 ஏப்ரலில் முன்மொழிந்த பொதுப் பட்டியலிலும் இந்தியா இருந்தது. அத்தகைய பட்டியலில் உள்ள நாட்டிலிருந்து வருபவரின் கோரிக்கை விரைவு விசாரணைக்குத் தள்ளப்படும். ஆதாரம் திரட்ட அவகாசம் குறையும். சிலருக்குப் பாதுகாப்பில்லாத நாட்டைப் பாதுகாப்பான நாடென்று அறிவிக்க அன்றைய சட்டத்தில் இடமில்லை என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2025 ஆகஸ்டு 1 அன்று தீர்ப்பளித்தது ஆறுதலான செய்தி. ஆனால் 2026 ஜூன் முதல் பொருந்தும்படி இயற்றப்பட்ட புதிய விதிமுறை, சில பிரிவினரை விலக்காகக் காட்டிவிட்டு நாட்டைப் பட்டியலில் வைத்துக்கொள்ள அனுமதிக்கிறது. குற்றமாக்கும் சட்டம் ஏட்டில் இருப்பது மட்டும் துன்புறுத்தல் ஆகாது, சிறைத்தண்டனை நடைமுறையில் விதிக்கப்பட வேண்டும் என்று அதே நீதிமன்றம் 2013இல் சொன்னதையும் சேர்த்துப் பார்த்தால், குற்றமாக்கும் சட்டமே இல்லாத இந்தியாவிலிருந்து போகிறவரின் வாதம் எவ்வளவு நுட்பமாக அமைய வேண்டும் என்பது புரியும்.

இடம் மாறுவது இங்கே நடைமுறையில் எப்படி முடிகிறது என்று பார்ப்போம். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்திலிருந்து ஒரு பெண் தன் தோழியோடு கோயம்புத்தூரில் அறை எடுத்துத் தங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் கேரளக் காவல் நிலையத்தில் ஆள் காணவில்லை என்று புகார் தருவார்கள். கேரளக் காவல் சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி வழக்குப் பதிவாகும். கைப்பேசி கோபுரத் தகவலை வைத்து அங்கிருந்து காவலர்கள் வருவார்கள். வயதுவந்தவர் என்பதால் அவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தி விருப்பம் கேட்ட பின் விட்டுவிட வேண்டும் என்பதுதான் நடைமுறை. ஆனால் நீதிமன்ற வாசலில் இருபது உறவினர் நிற்கும்போது, காவல் நிலையத்தில் அம்மா மயங்கி விழுந்து கிடக்கும்போது, அந்த விருப்பம் எவ்வளவு சுதந்திரமாகச் சொல்லப்படும்? நகையோடு ஓடிவிட்டாள் என்று ஒரு திருட்டுப் புகாரைச் சேர்த்துவிட்டால் ஆள் தேடும் விசாரணை கைது செய்யும் வழக்காக மாறும். இதோடு எல்லை ஊர்களுக்கே உரிய இன்னொன்றும் உண்டு. இங்கே பெண் கொடுப்பதும் எடுப்பதும் இரு மாநிலங்களிலும்தான். பொள்ளாச்சியில் சித்தி, உடுமலையில் பெரியப்பா, திருப்பூரில் பனியன் கம்பெனியில் மேற்பார்வை பார்க்கும் மச்சான் என்று குடும்பத்தின் கண்கள் எல்லைக்கு இருபுறமும் இருக்கின்றன. தப்பிப் போக மிக இயல்பாகத் தோன்றும் ஊர்களே தேடுவதற்கும் மிக எளிதான ஊர்கள்.

பாதுகாப்பு தரும் உத்தரவுகளில் பலவோ மாநில எல்லையில் நின்றுவிடுகின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தின் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று, மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கில், காணாமல் போனதாகச் சொல்லப்படுபவர் வயதுவந்தவராகவும் தன்விருப்பில் இணைந்து வாழ்பவராகவும் இருந்தால் வாக்குமூலம் பெற்று, தொல்லை எதுவும் தராமல் புகாரை முடித்துவிட வேண்டும் என்று காவல்துறைக்குக் கட்டளையிட்டார். அதன் தொடர்ச்சியாகப் பால்புதுமையரைத் துன்புறுத்தும் காவலர் மீது நடவடிக்கை எடுக்க வழிசெய்யும் விதியைத் தமிழ்நாடு அரசு 2022இல் காவலர் நடத்தை விதிகளில் சேர்த்தது. இந்த நாட்டில் இத்துறையில் நடந்த மிகப் பயனுள்ள மாற்றங்களில் ஒன்றாக அதை நான் கருதுகிறேன். ஆயினும் அந்த விதி கட்டுப்படுத்துவது தமிழ்நாட்டுக் காவலரை மட்டுமே. எல்லைச் சாவடியான வாளையாரைத் தாண்டி வரும் கேரளக் காவலரையோ, நகரியிலிருந்து வரும் ஆந்திரக் காவலரையோ அது கட்டுப்படுத்தாது. வெளிநாட்டு அதிகாரி ஒரே இந்தியா என்று எண்ணிப் பார்க்கும் இடத்தில், பாதுகாப்பு மாநிலத்துக்கு மாநிலம் வேறாக இருக்கிறது. எல்லையில் வாழ்பவர் அந்த வேறுபாட்டின் மீதே நின்றுகொண்டிருக்கிறார்.

கேரளத்தில் உரிமைகள் பெரும்பாலும் ஆட்கொணர்வு மனுக்கள் வழியாகவே வளர்ந்தன. 2018 செப்டம்பரில், தன்பால் உறவு குற்றமன்று என்ற தீர்ப்பு வந்த அதே மாதத்தில், இரு பெண்கள் சேர்ந்து வாழக் கேரள உயர் நீதிமன்றம் வழிவிட்டது. 2022 மே மாத இறுதியில், சவூதியில் படிக்கும்போது பழகி நேசித்த இரு இளம்பெண்களையும் நீதிமன்றம் ஒன்றுசேர்த்தது. ஆனால் எல்லா வழக்கும் அப்படி முடியவில்லை. பெற்றோரிடம் இருக்கும் பெண்ணை ஆலோசனைக்கு அனுப்பும் உத்தரவுகளும் வந்தன. அப்படி ஒரு கேரள வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் நாடு முழுவதற்கும் பொருந்தும் வழிகாட்டுதல்களை வகுத்தது. அடைத்துவைக்கப்பட்டவரின் விருப்பத்தைக் குடும்பத்தார் இல்லாத தனியறையில் கேட்டறிய வேண்டும், பாலீர்ப்பை மாற்றும் நோக்கில் ஆலோசனைக்கு அனுப்பக்கூடாது, இத்தகைய மனுக்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்பன அவற்றில் முக்கியமானவை. ஆந்திர எல்லையை ஒட்டிய வேலூர் மாவட்டத்திலிருந்து வந்த ஒரு மனுவில் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மே மாதத்தில், திருமணம் மட்டுமே குடும்பத்தை உருவாக்கும் வழியன்று, தேர்ந்துகொண்ட குடும்பம் என்பதும் சட்டம் ஏற்கும் ஒன்றே என்று கூறியது. தகப்பன் வீட்டில் அடைக்கப்பட்டிருந்த அந்தப் பெண் விடுதலையானார். காவல்துறை முதலில் நடந்துகொண்ட விதத்தையும் நீதிபதிகள் கண்டித்தார்கள்.

இந்தத் தீர்ப்புகளுக்குப் புகலிட வழக்கில் இரட்டை முகம் இருக்கிறது. பாதுகாப்பு கிடைக்கிறதே என்று அதிகாரி இவற்றையே காட்டலாம். அதே தீர்ப்புகளைக் கவனமாகப் படித்தால், வயதுவந்த ஒரு பெண் தன் விருப்பப்படி ஒரு வீட்டில் இருப்பதற்கே உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது என்பதும், காவல் நிலையம் முதலில் அவரைக் கைவிட்டது என்பதும் பதிவாகியிருக்கின்றன. உயர் நீதிமன்றம் போக வழியற்ற ஒருவருக்கு அரசின் பாதுகாப்பு உண்மையில் கைக்கெட்டியதா என்று கேட்க அவை வலுவான ஆவணங்கள். திருநர் ஒருவர் மீதான பாலியல் வன்முறைக்கு 2019 சட்டத்தின் 18ஆம் பிரிவு வகுத்த தண்டனை ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டு வரை மட்டுமே; பெண் மீதான வன்புணர்வுக்குக் குறைந்தது பத்து ஆண்டு. பாதுகாப்பு சமமாக இல்லை என்பதற்குச் சட்டமே தரும் சான்று அது.

தான் யார் என்பதை மெய்ப்பிப்பது தனிச் சுமை. அந்தரங்கக் காட்சிகளை ஆதாரமாக ஏற்கவோ, உடற்சோதனை செய்யவோ, படுக்கையறை விவரங்களைக் குடையவோ கூடாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2014 டிசம்பரில் தடுத்தது. உளவியல் சோதனை மூலம் பாலீர்ப்பைத் தீர்மானிப்பதை 2018 ஜனவரியில் விலக்கியது. பிரித்தானிய பாரிஸ்டர் எஸ். செல்வன் வகுத்த முறை, வேறுபாடு, களங்கம், வெட்கம், தீங்கு என்ற நான்கு அனுபவங்களைச் சுற்றிக் கேள்விகளை அமைக்கச் சொல்கிறது. தாம்பத்தியத்தைப் பற்றிய விசாரணையை வாழ்க்கையைப் பற்றிய உரையாடலாக மாற்றியது அது. மொழிபெயர்ப்பாளர் விஷயமும் சிறியதன்று. பாலக்காட்டுத் தமிழிலோ ஆந்திரத்துச் சித்தூர்த் தமிழிலோ பேசுபவருக்கு யாழ்ப்பாணத் தமிழர் ஒருவர் மொழிபெயர்ப்பாளராக அமையலாம். மலையாளமும் தெலுங்கும் கலந்த வீட்டுச் சொற்கள் அவருக்குப் பிடிபடாமல் போகலாம். அதைவிடப் பெரிய அச்சம், அவர் உள்ளூர்க் கோவிலிலோ தமிழ்ச் சங்கத்திலோ தன்னை மறுபடி சந்திப்பாரோ என்பது. வேறொருவரைக் கேட்பது தயங்க வேண்டிய கோரிக்கையன்று. தவறாகப் பதிவான ஒரு வாக்கியம் பல ஆண்டுகள் துரத்தும்.

இப்போது இணையர் விசா. இங்கே வாசல் சற்று அகலம், ஆனால் அதற்கு வெளிநாட்டில் உரிமையுள்ள ஒரு துணை வேண்டும். அமெரிக்காவில் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தின் 2013 ஜூன் 26 தீர்ப்புக்குப் பின் தன்பால் இணையரின் திருமணம் குடிவரவுக்கும் செல்லும். திருமணம் நடந்த இடத்தின் சட்டமே கணக்கு, மணமக்களின் சொந்த ஊர்ச் சட்டம் அன்று. சொந்த நாட்டில் மணக்க வழியில்லாதவர், அமெரிக்கக் குடிமகனான துணை மனுச் செய்தால், மணம் நிச்சயித்தவருக்கான விசாவில் சென்று 90 நாட்களுக்குள் அங்கே மணந்துகொள்ளலாம். கனடா இன்னும் ஒரு படி மேலே போய், சட்டத் தடையாலோ துன்புறுத்தலாலோ மணக்கவும் சேர்ந்து வாழவும் இயலாதவர்களுக்கென்றே தனி வகை ஒன்றை வைத்திருக்கிறது; குறைந்தது ஓராண்டு உறவைக் காட்ட வேண்டும். பிரிட்டன் திருமணத்துக்கு ஒப்பான இரண்டாண்டு உறவையும் ஆஸ்திரேலியா பொதுவாக 12 மாதத்தையும் கேட்கின்றன. கேட்கும் ஆதாரங்கள்: இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, சேர்ந்து சென்ற பயணங்கள், குடும்ப நிகழ்ச்சிப் புகைப்படங்கள். உறவு தெரிந்தால் உயிருக்கே ஆபத்து என்பவரிடம் குடும்பத்தோடு எடுத்த படத்தைக் கேட்கிறார்கள். அது ஏன் இல்லை என்பதை ஒரு பிரமாணப் பத்திரத்தில் விளக்குவதும், செய்திப் பரிமாற்றங்களையும் பணம் அனுப்பிய பதிவுகளையும் நாள்வாரியாகக் காத்துவைப்பதும்தான் வழி.

திருநருக்கு இங்கே ஒரு வாய்ப்பு பலரும் அறியாமல் இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்பது திருநங்கையையும் குறிக்கும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில், தூத்துக்குடி இணையர் ஒருவரின் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆண்–பெண் உறவில் உள்ள திருநர் நடப்புச் சட்டங்களின்படி மணக்கலாம் என்பதை 2023ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் ஏற்றது. ஆந்திர உயர் நீதிமன்றம் 2025 ஜூனில், கணவன் வீட்டுக் கொடுமைக்கு எதிரான சட்டப் பாதுகாப்பைத் திருநங்கை மனைவிக்கும் உரியதாக்கியது. பதிவான அத்தகைய திருமணம் சார்புடையோர் விசாவுக்கு நல்ல ஆவணம். மறுதிசையில் கதவு சாத்தியே இருக்கிறது: வெளிநாட்டில் மணந்த தன்பால் துணையை, இந்தியக் குடிமகனின் வாழ்க்கைத் துணைக்குரிய வெளிநாடுவாழ் இந்தியர் (ஓ.சி.ஐ.) அட்டையில் அழைத்துவர முடியாது.

காகிதத்தில் பெயரும் பாலினமும் பொருந்துவது எல்லைத் தமிழருக்கு இரட்டிப்புச் சிக்கல். கேரளத்துப் பத்தாம் வகுப்புச் சான்றுப் புத்தகத்தில் வீட்டுப் பெயர் முன்னெழுத்தாக இருக்கும். ரேஷன் அட்டையில் மலையாள எழுத்துக்கேற்ப ஒரு வடிவம். தமிழ்நாட்டுக் கல்லூரிச் சான்றில் தகப்பன் பெயரின் முதலெழுத்து. இதன்மேல் திருநருக்குப் பெயரே மாறுகிறது. 2019 சட்டமும் 2020 விதிகளும் வகுத்த வழியில், தேசியத் திருநர் இணையதளம் மூலம் விண்ணப்பித்து மாவட்ட ஆட்சியரின் சான்றிதழும் அட்டையும் பெற்று, அதை அடிப்படையாகக் கொண்டு ஆதார், பான், கல்விச் சான்று, பாஸ்போர்ட் என்ற வரிசையில் மாற்றிக்கொண்டு வருவது நல்லது. வரிசை பிசகினால் ஒன்றை ஒன்று மறுக்கும் ஆவணங்கள் கையில் நிற்கும். அமெரிக்காவில் 2025 ஜனவரி 20 அன்று வெளிவந்த உத்தரவுகள், பிறப்புப் பாலினம் ஒன்றையே அரசு ஏற்கும் என்றும் அகதிகள் வருகையை நிறுத்திவைப்பதாகவும் அறிவித்ததால், அங்கே செல்ல நினைக்கும் திருநர் அன்றன்றைய நிலவரத்தை வழக்கறிஞரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

உண்மையில் நம் ஊர்களிலிருந்து அதிகம் பேர் போவது கனடாவுக்கு அல்ல, வளைகுடாவுக்கு. வீட்டைவிட்டுத் தப்ப வேண்டும் என்று தவிக்கும் இளைஞருக்கு மிக எளிதில் கிடைப்பது அந்த வேலை விசாதான். வளைகுடா நாடுகள் ஆறும் 1951 உடன்படிக்கைக்கு வெளியே இருப்பவை. பெரும்பாலானவற்றில் தன்பால் உறவு குற்றம். குவைத்தில் ஏழாண்டு வரை சிறை. எதிர்ப்பாலினத்தைப் போல் நடிப்பதைக் குற்றமாக்கிய அந்நாட்டுப் பிரிவை அதன் அரசமைப்பு நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் நீக்கியது, ஆனால் உறவைக் குற்றமாக்கும் பிரிவு நீங்கவில்லை. மலேசியாவில் 20 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் சட்டத்தில் உண்டு. சிங்கப்பூர் மட்டும் 2022 நவம்பரில் ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய சட்டத்தை நீக்கியது. வேலைக்குச் செல்வோருக்கு வெளியுறவுத் துறையும் கேரள அரசின் வெளிநாடுவாழ் கேரளர் துறையான நோர்க்காவும் நடத்தும் புறப்பாட்டுக்கு முந்தைய பயிற்சிகளில் இந்தச் சட்டங்களைத் தெளிவாகச் சொல்லித்தர வேண்டும்; சொல்லாமல் அனுப்புவது அடிக்குப் பயந்தவரைச் சிறைக்கு அனுப்புவதாகிவிடும்.

புறப்படுகிறவருக்கும் புறப்படாதவருக்கும் ஒரே ஆவணங்கள்தான் துணை: காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் ரசீது, அடிபட்டபோது அரசு மருத்துவமனையில் எழுதிய விபத்துப் பதிவேட்டு நகல், மாஜிஸ்திரேட் முன் கொடுத்த வாக்குமூலம், ஆட்கொணர்வு மனுவின் சான்றிட்ட தீர்ப்பு நகல், மிரட்டல் செய்திகள் வந்த தேதியோடு எடுத்துவைத்த படங்கள். காணாமல் போன புகார் வரும் என்று தெரிந்தால், அதற்கு முன்பே இரு மாநிலக் காவல் கண்காணிப்பாளர்களுக்கும் தன்விருப்பில் வெளியேறியதைப் பதிவுத் தபாலில் எழுதிவிடலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றி இலவச வழக்கறிஞரைத் தர 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் வகை செய்கிறது. பாலக்காடானாலும் ஆந்திரத்துச் சித்தூரானாலும் கோயம்புத்தூரானாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அந்தந்த நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. தொலைபேசியில் 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.